முறையிடும் உரிமை

திருவாரூரில் அரசு வீற்றிருந்த மனுநீதிச் சோழனுடைய அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி ஒன்று கட்டப்பட்டிருந்தது என்பது தமிழர் அனைவரும் அறிந்த கதை. குறையுடையோர் எவராயினும் அம்மணியை அசைக்கலாம். ஓசை கேட்ட அளவிலே மன்னன் வெளிவந்து குறை கேட்பான். இளவரசன் ஊர்ந்த தேரின் சக்கரத்தில் அகப்பட்டுக் கன்று ஒன்று மாண்டபோது, அதன் தாய்ப்பசு வந்து அம்மணியை அடித்தது. மன்னன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்ட செயலையே நாம் பெரிதும் வியந்து போற்றுகின்றோம். ஆயின், அதற்கு முன்னர் நிகழ்ந்த ஒன்றை மறந்துவிடுகின்றோம். மணியின் கயிறு பசுவுக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. எட்டாத உயரத்தில் அது கட்டப்பட்டிருக்குமாயின், சோழனுடைய நீதியால் அப்பசுவுக்கு விளையும் பயன் யாதொன்றும் இல்லை.

இனி, மதுரையில் நிகழ்ந்ததாகச் சிலப்பதிகாரம் கூறும் வழக்கினை நோக்குவோம். அங்கே தவறு இழைத்தவன் மன்னனே ஆவான். கணவனை இழந்த கண்ணகி அரசவையிற் சென்று வழக்குரைத்தபோது, குற்றஞ் சாட்டப்பட்டவனும் பாண்டியன். தீர்ப்பு வழங்க வேண்டியவனும் பாண்டியன். அவன் நேர்மையாளன், ஆதலின், சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததும் தன் பிழையை உணர்ந்து உயிர் நீத்தான். எல்லா அரசரும் இவ்வாறு இருப்பர் என எதிர்பார்த்தல் இயலுமோ? அரசே குடிமகனுக்குத் தீங்கு செய்யுமாயின், அவன் யாரிடம் சென்று முறையிடுவான்?

இவ்வினாவிற்கு இருபதாம் நூற்றாண்டு கண்ட விடைகளுள் ஒன்று, ஒரு வட்டாரத்தைச் சேர்ந்த நாடுகள் ஒன்றுகூடிச் செய்துகொள்ளும் மனித உரிமை உடன்படிக்கை. அதன் இயல்பையும் அருமையையும் அறிவதற்கு, முதலில் நம் புதுச்சேரியின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம்.

உடன்படிக்கையின் மூன்று படிகள்

உடன்படிக்கை என்பது இரண்டு அல்லது அவற்றிற்கு மேற்பட்ட நாடுகள் தம்முள் எழுத்து வடிவிற் செய்துகொள்ளும் உறுதிமொழி. பெரும்பாலும் அது மூன்று படிகளைக் கடந்தே முழு ஆற்றலைப் பெறும். நாடுகளின் பேராளர்கள் கையொப்பமிடுவது முதற்படி. அவ்வந்நாடு தன் சட்டமுறைப்படி அதனை ஏற்று உறுதி செய்வது இரண்டாம் படி. நடைமுறைக்கு வருவது மூன்றாம் படி. முதற்படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே பல ஆண்டுகள் கழிதலும் உண்டு.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய பகுதிகளின் எதிர்காலத்தை முடிவு செய்வதற்காக, 1954ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18ஆம் நாள், கீழூர் என்னும் சிற்றூரில் மக்களின் பிரதிநிதிகள் கூடினர். வாக்களித்த 178 பேருள் 170 பேர் இந்தியாவோடு இணைவதை விரும்பினர். 8 பேர் அதனை ஏற்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் ஆட்சிப் பொறுப்பு இந்திய அரசின் கைக்கு வந்தது. ஆயினும், அது நடைமுறை மாற்றமேயன்றிச் சட்டப்படியான மாற்றம் அன்று. ஆட்சி இந்தியாவினுடையது, நிலத்தின் மீதுள்ள இறைமையோ பிரான்சினுடையது. அவ்விறைமையை ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் புதுதில்லியிற் கையொப்பமாயிற்று. அதனைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்றுக்கொள்வதற்கு மேலும் ஆறாண்டுகள் சென்றன. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாளே உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. இவ்விரு நாள்களும் புதுச்சேரியில் இன்றும் நினைவுகூரப்படுவதன் காரணம் இதுவே.

புதுச்சேரி உடன்படிக்கை காத்த உரிமைகள்

ஆட்சி மாறும்போது, மக்கள் நிலத்தோடும் கட்டடங்களோடும் சேர்த்து ஒப்படைக்கப்படும் பொருள்கள் அல்லர். அவர்களுக்கெனச் சில உரிமைகள் உண்டு. அவ்வுரிமைகளை இவ்வுடன்படிக்கை எவ்வாறு காத்தது என்பதை நோக்குவோம்.

முதலாவது, குடியுரிமை. இப்பகுதிகளிற் பிறந்து இங்கேயே வாழ்ந்துவந்த பிரெஞ்சுக் குடிமக்கள், உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நாளில் இந்தியக் குடிமக்கள் ஆவர். ஆயின், பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்புவோர், ஆறு திங்களுக்குள் அதனை எழுத்தில் அறிவிக்கலாம். கணவன் எடுக்கும் முடிவு மனைவியின் குடியுரிமையைப் பாதியாது என்றும் அவ்வுடன்படிக்கை தெளிவாக உரைத்தது. மணமாகாத, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குத் தந்தையின் முடிவே முடிவாயிற்று. தந்தை இல்லாவிடத்துத் தாயின் முடிவு கொள்ளப்பட்டது. எனினும், பெற்றோர் முடிவினால் பிரெஞ்சுக் குடிமக்களாக நின்ற பிள்ளைகள், பதினெட்டு வயது நிரம்பிய ஆறு திங்களுக்குள் தாமே இந்தியக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளவும் வழி வகுக்கப்பட்டது.

மாணவர்களே! உங்கள் வயதினராய் அன்று இருந்த பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். தந்தை ஒரு தாளில் இட்ட கையொப்பத்தால் ஒருவர் பிரெஞ்சுக் குடிமகன் ஆனார். தந்தை வாளா இருந்தமையால் அடுத்த வீட்டுப் பிள்ளை இந்தியக் குடிமகன் ஆனார். ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே மொழி பேசி, ஒரே கோயில் திருவிழாவிற் கூடி நின்ற குடும்பங்கள், இரு நாடுகளின் குடிகளாயின. பிரெஞ்சுப் படையிற் பணியாற்றி ஓய்வூதியம் பெற்று, 'சொல்தா' என ஊரார் அழைக்கும் முதியோர் வாழும் வீடுகளில் இவ்வரலாற்றை இன்றும் கேட்கலாம்.

இரண்டாவது, மொழி. மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வேறு வகையாக முடிவு செய்யும் வரையில் பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என உடன்படிக்கை கூறியது. மொழியை மாற்றும் அதிகாரம் தில்லிக்கோ பாரிசுக்கோ அளிக்கப்படாமல், இங்குள்ள மக்களின் பேராளர்க்கே விடப்பட்டமை நோக்கத்தக்கது. அதன் பின்னர், 1965ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஆட்சிமொழிச் சட்டத்தால் தமிழ் இங்கு ஆட்சிமொழியாயிற்று. மாகேயில் மலையாளத்திற்கும் ஏனாமில் தெலுங்கிற்கும் இடம் அளிக்கப்பட்டது.

மூன்றாவது, ஆட்சிநிலை. இப்பகுதிகளின் தனி ஆட்சிநிலையில் எம்மாற்றம் செய்வதாயினும், மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே செய்தல் வேண்டும் என்பது உடன்படிக்கையின் உறுதிமொழி. புதுச்சேரியை அண்டை மாநிலத்தோடு இணைப்பது பற்றிய பேச்சு 1979ஆம் ஆண்டு சனவரியில் எழுந்தபோது, மக்கள் பெருங்கிளர்ச்சி செய்தனர்; இணைப்பும் நிகழவில்லை.

நான்காவது, கல்வியும் பண்பாடும். பிரெஞ்சுக் கல்வி நிலையங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் தொடர்ந்து நடைபெற இந்திய அரசு இசைந்தது. 1955ஆம் ஆண்டில் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இன்றும் கடற்கரை அருகே இயங்குகின்றது. அங்குப் பேணப்படும் சைவ ஆகம ஓலைச்சுவடிகள், 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. பண்பாட்டுரிமையைக் காத்த ஒரு விதி, தமிழ்நாட்டின் பழஞ்சுவடிகளுக்கும் காப்பாயிற்று.

கயிறு எட்டாத காலம்

இத்துணை நலங்கள் வாய்ந்த உடன்படிக்கையிலும் ஒரு குறை இருந்தது. அதன் பொருள்கோளிலோ செயற்பாட்டிலோ கருத்து வேறுபாடு தோன்றித் தீராவிடின், அதனைத் திஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்திற்குக் கொண்டுசெல்லலாம் என்பது விதி. ஆயின், அவ்வாறு கொண்டுசெல்லத்தக்கவை இரண்டு அரசுகளே. யாருடைய நன்மைக்காக உடன்படிக்கை எழுதப்பட்டதோ அக்குடிமகன் அந்நீதிமன்றத்தின் படியேற முடியாது. மணி உண்டு, கயிறு அரசுகளின் கையில் இருந்தது.

1954 முதல் 1962 வரையிலான எட்டாண்டுகளில் இக்குறை மேலும் பெரிதாயிற்று. பேருந்து ஓட்டும் உரிமம் பற்றி இங்குள்ள அதிகாரிகள் செய்த முடிவை எதிர்த்து, தம் அடிப்படை உரிமை பறிபோனதாகக் கூறி, இந்திய உச்ச நீதிமன்றத்தை நாடினார் ஒருவர். நீதிமன்றம் முதலில் எழுப்பிய வினா, புதுச்சேரி இந்திய ஆட்சிப்பரப்பின் பகுதியா என்பதே. உடன்படிக்கை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆதலின் பகுதி அன்று என நடுவண் அரசு விடை கூறியது. 1961ஆம் ஆண்டு இறுதியில் தீர்ப்பு வந்தது. புதுச்சேரி இந்திய ஆட்சிப்பரப்பினுள் அடங்காதது. எனவே அங்குள்ள அதிகாரியின் முடிவைத் தள்ளிவிடும் ஆணையைப் பிறப்பித்தல் இயலாது என்று கூறி, நீதிமன்றம் மனுவைத் தள்ளியது.

அன்றைய குடிமகனின் நிலை எத்தகையது என எண்ணிப் பாருங்கள். அவனை ஆண்டது இந்திய அரசு. அவ்வரசின் அதிகாரிகள் செய்த முடிவை எதிர்த்து இந்தியாவின் உச்ச நீதிமன்றத்தில் அவனுக்கு வழியில்லை. இறைமையுடைய பிரான்சோ ஆட்சியை விட்டு நீங்கிவிட்டது. இந்நிலை 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாளுக்குப் பின்னரே நீங்கியது. அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தத்தால் புதுச்சேரி இந்திய ஒன்றியத்தின் ஆட்சிப்பகுதிகளுள் ஒன்றாக எழுதப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரமும் இங்கு நீட்டப்பட்டது. உரிமைகளை ஏட்டில் எழுதுவது ஒன்று. அவற்றை முறையிட்டுப் பெறும் வாயிலைத் திறந்துவைப்பது மற்றொன்று என்பதை இவ்வெட்டாண்டுகள் நமக்குக் கற்பிக்கின்றன.

ஐரோப்பியர் கட்டிய மணி

இரண்டாம் உலகப் போரின் கொடுமைகளைக் கண்ட பின்னர், 1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தைப் பாரிசு நகரில் ஏற்றுக்கொண்டது. அதனை வகுத்த குழுவில் இந்தியாவின் சார்பில் அமர்ந்திருந்தவர் அம்சா மேத்தா என்னும் அம்மையார். ஆங்கில வாசகத்தின் முதற்பிரிவில் ஆடவரை மட்டும் குறிப்பதாகப் பொருள்படக்கூடிய சொல் இருந்ததை மறுத்து, மனிதர் அனைவரையும் குறிக்கும் சொல்லை அமைக்கச் செய்த பெருமை அவருக்கு உரியது. ஆயினும், பிரகடனம் ஓர் அறிவிப்பே. மீறிய அரசை வினவும் மன்றம் எதுவும் அதனோடு அமைக்கப்படவில்லை.

அக்குறையை முதலில் நீக்க முயன்றவர் ஐரோப்பியர். 1949ஆம் ஆண்டில் ஐரோப்பிய மன்றம் என்னும் அமைப்பினை அவர்கள் நிறுவினர். இஃது ஐரோப்பிய ஒன்றியத்தினின்றும் வேறானது. அதன் உறுப்பு நாடுகள் 1950ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் உரோமை நகரிற் கையொப்பமிட்ட உடன்படிக்கையே ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை. 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 1959ஆம் ஆண்டில், பிரான்சின் கிழக்கெல்லையில் உள்ள ஸ்திராஸ்பூர் நகரில் அதற்கென ஒரு நீதிமன்றமும் அமைந்தது. உயிர்வாழும் உரிமை, சித்திரவதைக்கு உட்படாமை, அடிமைப்படாமை, நேர்மையான விசாரணை, சமய உரிமை, பேச்சுரிமை, கூடும் உரிமை முதலியன அதில் அடங்கும்.

இவ்வுடன்படிக்கையின் புதுமை உரிமைகளின் பட்டியலில் இல்லை. முறையிடும் வழியிலேயே உள்ளது. ஓர் அரசு தவறினால் மற்றோர் அரசு வழக்குத் தொடுக்கலாம். அதனினும் மேலாக, தீங்குற்ற தனிமனிதனே தன் அரசின்மீது வழக்குத் தொடுக்கலாம். முதலில் அம்முறையீடு ஓர் ஆணையத்தின் வழியே செல்ல வேண்டியிருந்தது. 1998ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளிலிருந்து நேரே நீதிமன்றத்திற்குச் செல்லலாயிற்று. வழக்கினைக் கேட்போர் குற்றஞ் சாட்டப்பட்ட அரசின் அலுவலர் அல்லர். உறுப்பு நாடு ஒவ்வொன்றிற்கும் ஒருவராக வந்தமர்ந்த நீதிபதிகள். இன்று அந்நாடுகளின் எண்ணிக்கை 46.

ஆயினும், எடுத்த எடுப்பிலே எவரும் ஸ்திராஸ்பூர் செல்லல் ஆகாது. தம் நாட்டு நீதிமன்றங்கள் அனைத்தையும் முதலில் நாடுதல் வேண்டும். அங்கு இறுதி முடிவு கிடைத்த நான்கு திங்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். வீட்டார் தீர்க்க இயலாத வழக்கினை ஊரார் அறிய அவைக்குக் கொண்டுவருவதைப் போன்றது இம்முறை. அயலாரின் அவைக்குச் செல்ல நேரும் என்னும் எண்ணமே, வீட்டிலேயே நீதி வழங்குமாறு ஓர் அரசைத் தூண்டும்.

பிரான்சு இவ்வுடன்படிக்கையில் 1950ஆம் ஆண்டிலேயே கையொப்பமிட்டது. ஆயின் அதனை ஏற்று உறுதி செய்தது 1974ஆம் ஆண்டிலேதான். தனிமனிதர் முறையிடும் உரிமையை 1981ஆம் ஆண்டிலேதான் ஏற்றது. எனவே, புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாள்வரையில், இவ்வுடன்படிக்கையின் பயன் இங்குள்ள எவருக்கும் கிட்டவில்லை. இன்றோ, புதுச்சேரியிற் பிறந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிரான்சில் வாழும் ஒரு தமிழர், பிரெஞ்சு அரசு தம் உரிமையை மீறியதாகக் கருதினால், அந்நாட்டு நீதிமன்றங்களைக் கடந்தபின் ஸ்திராஸ்பூர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம்.

குடிமக்களுக்கு மட்டுமன்றி, அந்நாடுகளின் அதிகார எல்லைக்குள் இருக்கும் எவருக்கும் இவ்வாயில் திறந்துள்ளது. இலங்கையின் உள்நாட்டுப் போரினால் இங்கிலாந்துக்குச் சென்று அடைக்கலம் கேட்ட தமிழர் ஐவர் திருப்பி அனுப்பப்பட்டனர். திருப்பி அனுப்பியது சித்திரவதையைத் தடுக்கும் விதிக்கு மாறானது என அவர்கள் வழக்குத் தொடுத்தனர். 1991ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புரைத்தது. எனினும், வாயில் அடைபடவில்லை. 1999ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குச் சென்ற மற்றோர் இலங்கைத் தமிழர் 2007ஆம் ஆண்டில் வெளியேற்றப்படவிருந்தபோது, வழக்கு முடியும்வரை அவரை அனுப்பலாகாது என நீதிமன்றம் இடைக்கால ஆணை விடுத்தது. 2008ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள், அவரைத் திருப்பி அனுப்பினால் அவ்விதி மீறப்படும் எனத் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தின் குடிமகனும் அல்லாத, பொருள் வலியும் இல்லாத ஒருவருடைய முறையீட்டின்பேரில் ஒரு பேரரசாய் விளங்கிய நாடு தன் முடிவை நிறுத்திக்கொண்டது.

பிற கண்டங்கள்

ஐரோப்பாவைப் பின்பற்றி அமெரிக்கக் கண்டத்து நாடுகள், 1969ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் கோஸ்தாரிக்கா நாட்டின் சான் ஓசே நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 1978ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. ஹொண்டுராஸ் நாட்டில் 1981ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற் போனார். அவரை அறியோம் என்றனர் அதிகாரிகள். இவ்வழக்கில் 1988ஆம் ஆண்டு அமெரிக்கக் கண்டங்களின் மனித உரிமை நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு புகழ்பெற்றது. குடிமகன் மறைந்தால் அதனை ஆராய்ந்து, குற்றவாளியைத் தண்டித்து, குடும்பத்திற்கு ஈடு செய்வது அரசின் கடமை. 'அறியோம்' எனக் கைவிரித்தல் விடையாகாது என்பது அதன் சாரம்.

ஆப்பிரிக்க நாடுகள் 1981ஆம் ஆண்டு சூன் திங்களில் நைரோபி நகரில் தமக்கென ஒரு சாசனத்தை ஏற்றன. 1986ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் தனிச்சிறப்பு, தனிமனிதர் உரிமையோடு மக்கட் கூட்டத்தின் உரிமையையும், உரிமைகளோடு கடமைகளையும் சேர்த்துக் கூறுவது. பெற்றோரை மதித்தலும், அவர்க்குத் தேவை நேர்ந்தபோது பேணுதலும் கடமை என அச்சாசனம் விதிக்கின்றது. தமிழர் அறநெறிக்கு இஃது எத்துணை அணித்தானது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இம்மன்றங்களுக்குப் படையில்லை, காவலர் இல்லை. தீர்ப்பினை நிறைவேற்றுவது அவ்வந்நாட்டின் கடமையாகவே விடப்பட்டுள்ளது. விரும்பாத நாடு விலகிச் செல்லுதலும் உண்டு. கிரேக்க நாட்டில் 1967ஆம் ஆண்டு படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றியபோது, டென்மார்க்கு, நார்வே, சுவீடன், நெதர்லாந்து ஆகிய நாடுகள் அவ்வாட்சியின்மீது முறையிட்டன. 1969ஆம் ஆண்டில் கிரேக்கம் ஐரோப்பிய மன்றத்தை விட்டு விலகியது. படையாட்சி வீழ்ந்தபின் 1974ஆம் ஆண்டில் மீண்டும் வந்து சேர்ந்தது. உருசியா 2022ஆம் ஆண்டில் இவ்வுடன்படிக்கையினின்றும் நீங்கியது. ஆகவே, இம்மணிகளும் கேட்போர் செவியைப் பொறுத்தவையே. ஆயினும், அடிக்கப்பட்ட மணியின் ஓசை அண்டை வீடுகளிலும் கேட்கும். தவறு செய்வோன் அதனை மறைத்தல் அரிது.

ஆசியாவும் நாமும்

பரப்பாலும் மக்கள்தொகையாலும் பெரிய கண்டமாகிய ஆசியா முழுமைக்கும் இத்தகைய உடன்படிக்கையோ நீதிமன்றமோ இன்றளவும் இல்லை. அரபு நாடுகளின் சாசனம் 2008ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்கு ஆசிய நாடுகள் 2012ஆம் ஆண்டில் ஒரு மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டன. அதனோடு நீதிமன்றம் அமைக்கப்படவில்லை. நம் நாடும் உறுப்பாக உள்ள தென்னாசிய நாடுகளின் சார்க் அமைப்பு, பெண்களையும் குழந்தைகளையும் கடத்தும் கொடுமையைத் தடுப்பதற்கு 2002ஆம் ஆண்டு காத்மாண்டு நகரில் ஓர் உடன்படிக்கை செய்தது. ஆயினும், இரு நாடுகளுக்கிடையே வழக்கில் உள்ள செய்திகளை எடுத்துப் பேசுவதில்லை என்பது அவ்வமைப்பின் சாசன விதி. அயலார் ஆட்சியில் நெடுங்காலம் துன்புற்றுப் புதிதாய் விடுதலை பெற்ற நாடுகள், தம் உள்நாட்டுச் செய்தியில் அயலார் தலையிடுவதை அஞ்சுதல் இயல்பே. ஆயின், அயலார் ஆளுதல் வேறு. அயலார் சான்றாக நிற்றல் வேறு. இவ்வேற்றுமை உணரப்படும் நாளில் ஆசியாவிலும் ஒரு மணி கட்டப்படலாம்.

அதுவரையில் நமக்கு வழியே இல்லை என்று எண்ணற்க. இந்திய அரசியலமைப்பு அடிப்படை உரிமைகளை அளித்ததோடு நில்லாமல், அவை மீறப்பட்டால் உச்ச நீதிமன்றத்தை நேரே நாடுவதையும் 32ஆம் உறுப்பில் ஓர் அடிப்படை உரிமையாக்கியது. இவ்வுறுப்பினையே அரசியலமைப்பின் இதயமும் உயிரும் எனக் கருதினார் அண்ணல் அம்பேத்கர். உயிரும் உரிமையும் காக்கும் 21ஆம் உறுப்பு, குடிமக்களுக்கு மட்டுமன்றி இந்நிலத்தில் வாழும் ஒவ்வொருவருக்கும் உரியது. ஆதலின், புதுச்சேரியில் வாழும் பிரெஞ்சுக் குடிமகனுக்கும் அதன் காவல் உண்டு. 1993ஆம் ஆண்டு முதல் தேசிய மனித உரிமை ஆணையமும் முறையீடுகளைக் கேட்டுவருகின்றது. சிறையிலிருந்து வந்த கடிதத்தையே மனுவாக ஏற்று உச்ச நீதிமன்றம் விசாரித்ததும் உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் வறியோர்க்கும் கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி கிடைக்குமாறு செய்துள்ளது.

மாணவர்களே! உரிமைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதால் மட்டும் அவை நம்முடையன ஆகா. ஒவ்வோர் உரிமையையும் கற்கும்போது, 'இது மீறப்பட்டால் யாரிடம் முறையிடலாம்? எத்துணைக் காலத்திற்குள் முறையிடலாம்? எளியவர்க்கும் அது இயலுமா?' என்னும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். ஆறு திங்கள் என்னும் வரையறையை அறியாமல் இருந்தோரும் 1962ஆம் ஆண்டில் இவ்வூரில் இருந்திருப்பர் அன்றோ? எழுத்தறிந்த ஒருவர் அண்டை வீட்டாருக்கு அதனைப் படித்துக் காட்டியிருப்பின், அஃதே பேருதவி ஆகியிருக்கும். கற்றவர் கடமை அதுவே. கயிறு எங்கே உள்ளது என்பதைத் தாமும் அறிந்து, அதனை எட்டாதவர் கைக்கும் எட்டுமாறு எடுத்துக் கொடுப்பதே உரிமையைக் கற்றதன் பயனாகும்.